கப்பலேறி வந்த சட்டம்

1957 ஒக்டோபர் 15 என்னும் நாளைத் திருகோணமலை மாணவர்க்குக் கற்பிக்க நாம் தவறுவதில்லை. பிரித்தானியக் கடற்படை நமது துறைமுகத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்த நாள் அது. 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியது தொடங்கி நூற்று அறுபத்திரண்டு ஆண்டுகள் இங்கே பறந்த ஆதிக்கம் அன்று இறங்கியது. 1948இல் கிடைத்த சுதந்திரம் இவ்வூருக்கு மட்டும் ஒன்பது ஆண்டு தாமதித்து வந்தது என்று சொன்னாலும் பொருந்தும். 1947இன் பாதுகாப்பு ஒப்பந்தம் தளத்தை அவர்கள் கையிலேயே விட்டிருந்தது அல்லவா?

சில காலத்துக்கு முன் இதனை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “கப்பலில் வந்ததெல்லாம் கப்பலிலேயே திரும்பிப் போய்விட்டதா, சேர்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். போகாமல் தங்கிவிட்டவை சிலவற்றை அடுக்கினோம்: சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள், கோட்டைக்கு அவர்கள் இட்ட பெயர், உவர்மலையின் பழைய பங்களாக்கள், ஆங்கிலமொழி. மணி அடித்தது, பாடம் முடிந்தது. வீடு திரும்பும் வழியிலேதான் நாம் சொல்லாது விட்ட ஒன்று நெஞ்சை உறுத்தியது. மறந்துவிட்டோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வகுப்பறையில் அதனைச் சொல்லக் கூசினோம். அந்தக் கூச்சத்தை ஒருபுறம் வைத்துவிட்டு இங்கே எழுதுகிறோம்.

ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும் நம் ஊரில் உண்டு. இதனை அறியாதவர் எவருமில்லை; அறிந்ததாக ஒப்புக்கொள்பவரும் எவருமில்லை. உள்துறைமுக வீதியிலும் டச்சுக்குடாவின் கரையிலும் மாலைவேளைகளில் காற்று வாங்குவோரிடையே அவர்களும் நடக்கின்றனர். கோணேசர் கோயிலின் மணியோசை அவர்கள் காதிலும் விழுகிறது. பள்ளிவாசலின் பாங்கொலியும், தேவாலயத்தின் மணியும் அவர்கள் காதிலும் விழுகின்றன. ஊருக்குள் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்களைக் கண்டு வெளியூரார் வியப்பர். மானுக்கு உள்ள அந்தச் சுதந்திரம் நாம் கூறும் மனிதருக்கு இல்லை. முப்பது வயது நெருங்கியதும் கலியாணப் பேச்சு எழும். மறுத்தால் ஏன் என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு அஞ்சியே ஒருவன் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ கப்பலேறாமலே கரைமாறிவிடுவான். இன்னொருவன் தலை குனிந்து தாலி கட்டுவான். அந்தத் தாலிக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணின் வாழ்வும் அவனோடு சேர்ந்து கெடும். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கோ ஊரைவிட்டுப் போகும் அந்த வழியும் எளிதில் திறப்பதில்லை.

இவர்களைக் குறிக்க அண்மைக்காலம்வரை நம் மொழியில் புழங்கியவை பெரும்பாலும் வசைச் சொற்களே. தன்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பாளர் என்னும் சொற்கள் புதியன. பிறப்பில் ஆணெனக் குறிக்கப்பட்டுப் பெண்ணாக வாழ்வோரைத் திருநங்கையர் என்கிறோம். அது வேறு வாழ்வு, வேறு துன்பம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. குழப்பத்தை வளர்த்ததில் பொலிசாருக்கும் பங்குண்டு. அவர்கள் இரு சாராரையும் ஒரே வண்டியில் ஏற்றுவர்.

துறைமுகம் என்பது எங்குமே ஆண்களின் ஊர். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள் கரையேறும் இடம். கூலிக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நெருக்கமான அறைகளில் படுத்தெழும் இடம். முகமறியா மனிதர் சந்தித்துப் பிரியும் இடமும் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, அதிலும் 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிச் சென்ற பின் 1944, 1945 ஆகிய ஆண்டுகளில், இந்தச் சிற்றூரின் கரையில் ஒரு பெருங்கடற்படையே நங்கூரமிட்டுக் கிடந்தது. பல நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து போயினர். அவர்களுள் ஆணை நேசித்த ஆண்கள் இருந்திருப்பர் என்று சொல்ல ஆவணம் வேண்டுவதில்லை. மனித இயல்பை அறிந்தாலே போதும். ஆயின் அவர்களுக்காக ஆவணங்கள் இருந்தன என்பதே வரலாற்றின் கொடுமை. அந்த ஆவணங்கள் காதற் கடிதங்களாக அல்ல, தண்டனைச் சட்டங்களாக எழுதப்பட்டவை.

அச்சட்டங்களின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்போம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி திருகோணமலையைப் போர்த்துக்கேயரிடமிருந்து முதன்முதல் பிடித்தது 1639இல். அதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1644இல், அக்கம்பெனியின் உயர் அதிகாரிகளுள் ஒருவரும், சீயம் நாட்டைப் பற்றி நூலெழுதியவருமான ஜோஸ்ட் ஸ்கௌட்டன் என்பவர் பத்தாவியாவில் ஆண்களோடு உறவு கொண்ட குற்றத்துக்காகக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். பதவியும் புலமையும் அவரைக் காக்கவில்லை. மிளகும் கறுவாவும் தேடி வந்தவர்களின் கப்பலில், சரக்கோடு சரக்காக, இந்தத் தூக்குக் கயிறும் கிழக்கே வந்தது.

ஆங்கிலேயர் இதில் ஒல்லாந்தருக்கு இளைத்தவரல்லர். எட்டாம் ஹென்றி 1533இல் இயற்றிய சட்டம் இவ்வுறவுக்கு மரணதண்டனை விதித்தது. கடற்படைக்கென எழுந்த போர்க்கட்டளைகளும் அதனையே கூறின. திருகோணமலை பிரித்தானியரின் கிழக்கிந்தியக் கடற்படை நிலையத்தின் முக்கியத் துறைமுகமாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், அந்நிலையத்தில் பணிபுரிந்து தாயகம் திரும்பிய ‘ஆப்பிரிக்கேன்’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் நால்வர், 1816 தொடக்கத்தில் போர்ட்ஸ்மத் துறையில் தூக்கிலிடப்பட்டனர். நெப்போலியனை வென்ற பெருமிதத்தில் இங்கிலாந்து திளைத்திருந்த நேரம் அது. அந்த வெற்றிக்குக் கப்பலோட்டிய ஏழை மாலுமிகளுள் நால்வருக்கு அத்தாயகம் அளித்த பரிசு இது. தரையில் இக்குற்றத்துக்காக இங்கிலாந்து கடைசியாக இருவரைத் தூக்கிலிட்டது 1835இல். மரணதண்டனை சட்டத்திலிருந்து நீங்கியது 1861இல்.

அங்கே கயிறு அவிழ்ந்த காலத்திலேயே இங்கே விலங்கு வார்க்கப்பட்டது. மெக்காலே பிரபு 1837இல் வரைந்து கொடுத்ததும், 1860இல் நிறைவேறியதுமான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தமிழ்நாட்டு நண்பர்கள் நன்கறிவர். அதன் உடன்பிறப்பே 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு. ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உறவுக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்றது அது. எது இயற்கை, எது ஒழுங்கு என்று சட்டம் விளக்கவில்லை. விளங்காத சொல்லைச் சட்டத்தில் வைப்பது ஆளுவோருக்கு எப்போதுமே வசதி. இரண்டாண்டுகள் கழித்து, 1885இல், இங்கிலாந்தில் லபுஷேர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் கொணர்ந்த திருத்தம் ஆண்களிடையே நிகழும் ‘பாரதூரமான ஒழுக்கக்கேடு’ எதனையும் குற்றமாக்கியது. ஒஸ்கார் வைல்ட் என்னும் எழுத்தாளரை 1895இல் சிறைக்கு அனுப்பியது அதுவே. அத்திருத்தமும் சும்மா இருக்கவில்லை, நம் கரைக்கு வந்து சேர்ந்தது. 365அ என்று நமது சட்டக்கோவையில் நிற்பது அதன் வார்ப்பே. எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து, அது பின்னால் வந்து புகுந்ததைக் காட்டிக்கொடுக்கிறது.

“அந்நியன் வருமுன் நம் சமூகம் இவர்களைப் போற்றி வைத்திருந்ததோ?” என்று ஒருவர் கேட்கலாம். அப்படிச் சொல்ல நாம் துணியமாட்டோம். இக்காலத்தில் சிலர் சங்க இலக்கியத்தின் நட்புகளையெல்லாம் காதலாக்கிக் காட்ட முனைகின்றனர். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனைக் காணாமலே நட்புக் கொண்டதை நட்பென்றே விட்டுவிடுவது தமிழுக்குச் செய்யும் மரியாதை. நம்மால் உறுதியாகக் கூறக்கூடியது சிறிதே. ஆண்மை திரிந்தாரை எத்திணையில் வைத்து எவ்வாறு சுட்டுவது என்று தொல்காப்பியர் விதி செய்தார். அவர்களை உயர்திணையிலேயே வைத்தார். மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடாடலும் ஒன்றென்று சிலம்பு கூறும். இவை திருநங்கையரைப் பற்றிய சான்றுகளே அன்றித் தன்பாலீர்ப்பைப் பற்றியன அல்ல. அரங்கில் ஆடவிட்ட சமூகம் வீட்டில் இடம் கொடுத்ததா என்பதும் வேறு கேள்வி. சாதியின் பெயரால் மனிதரைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய சமூகம் இவர்களுக்கு மட்டும் பாய் விரித்திருக்கும் என்று எண்ணுவதற்கு நியாயமில்லை. ஆயினும் ஊரார் முகஞ்சுளிப்பதற்கும் அரசு சிறையிலடைப்பதற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. முகஞ்சுளிப்பு நம்முடையதாக இருக்கலாம். சிறைக்கதவு இங்கிலாந்தில் செய்யப்பட்டது.

சிறைக்கதவு வந்த அதே கடல்வழியே இன்னொன்றும் வந்தது. அதனை நம் பாடநூல்கள் பாதி மட்டுமே கூறுகின்றன.

1890இல் எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலேயர் கொழும்பில் வந்திறங்கினார். அவரை அழைத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அன்று சேர் பட்டம் பெறாத, குருநாகலில் நீதிபதியாயிருந்த இளம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் படித்த நாளிலே முளைத்த நட்பு அது. கார்ப்பென்டர் குருப்பட்டம் பெற்றுத் திருச்சபையில் பணியாற்றியவர். அதனைத் துறந்து வட இங்கிலாந்தின் தொழிலாளரிடையே விரிவுரையாளராகச் சென்றவர். ஷெபீல்ட் நகரின் சோசலிஸ்டுகளோடு சேர்ந்தவர். கிராமத்தில் காய்கறி பயிரிட்டுச் செருப்புத் தைத்து வாழ்ந்தவர். அருணாசலம் அவருக்குப் பகவத்கீதையை அறிமுகப்படுத்தினார். குருநாகலில் இராமசாமி என்னும் தமிழ் ஞானியிடம் அழைத்துச் சென்று அவர் காலடியில் பாடம் கேட்கவும் வைத்தார். களுவா என்னும் சிங்களக் குடியானவனோடு கார்ப்பென்டர் சிவனொளிபாதமலை ஏறினார். இவற்றையெல்லாம் 1892இல் வெளிவந்த தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். ஆளும் இனத்தவன் ஒருவன் ஆளப்படுவோனிடம் மாணவனாக அமர்ந்த காட்சி அக்காலத்தில் அரிது. நாம் அதனைப் பெருமையோடு சொல்லிவருகிறோம். அது நியாயமே.

நாம் சொல்லாமல் விடுவது எது? இதே கார்ப்பென்டர்தான் 1890களின் நடுப்பகுதியில், வைல்ட் வழக்குக்குச் சற்று முன், ஒத்த பாலாரின் காதலை நியாயப்படுத்தும் சிறுநூலை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தில் அச்சிட்டார். அந்த வழக்கின் பின் இலண்டன் பதிப்பாளர் அவர் எழுத்தைக் கைவிட்டார்; தொழிலாளர் அச்சகம் கைவிடவில்லை. இவ்விடத்தை நம் வாசகர் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். 1908இல் இப்பொருளைப் பற்றியே முழுநூல் ஒன்றை வெளியிட்டார். 1898 முதல் ஜோர்ஜ் மெரில் என்னும், சேரியில் பிறந்து வளர்ந்த தொழிலாளியைத் தம் வீட்டுக்கு அழைத்து, 1928இல் மெரில் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தார். மறைத்து வாழவில்லை. மறுவாண்டே தாமும் மறைந்தார்.

அருணாசலத்தின் நட்பு 1924இல் அவர் மதுரையில் காலமாகும்வரை நீடித்தது. அவர் எழுதிய கடிதங்களைக் கார்ப்பென்டர் 1927இல் நூலாக்கி வெளியிட்டார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்று அருணாசலத்தைப் பலர் அறிவர். 1919இல் தொழிலாளர் நலச்சங்கத்தையும் 1920இல் தொழிலாளர் சம்மேளனத்தையும் நிறுவித் தோட்டத் தொழிலாளருக்காக வாதாடியவர் அவர் என்பதைச் சிலரே அறிவர். அவருடைய சமூக உணர்வுக்கு உரமிட்டவற்றுள் கார்ப்பென்டரின் நட்பும் ஒன்று எனக் கருத இடமுண்டு. நாம் மாணவராயிருந்தபோது கார்ப்பென்டரை ‘வேதாந்த ஆர்வலரான ஓர் ஆங்கிலேயர்’ என்று மட்டுமே படித்தோம். ஞானியைத் தேடி வந்தவர் என்பது மேடையேறியது. சோசலிஸ்டு என்பது அடிக்குறிப்பாயிற்று. மற்றையது மாயமாய் மறைந்தது. மறைத்தவர் எவரும் தீயவரல்லர். நம்மைப் போலக் கூச்சமுடைய ஆசிரியர்களே.

இனி 1957க்குத் திரும்புவோம். அவ்வாண்டு செப்டெம்பர் 4இல் இலண்டனில் வுல்பென்டன் குழுவின் அறிக்கை வெளியாயிற்று. வயதுவந்த இருவர் மனமொத்துத் தனியிடத்தில் கொள்ளும் உறவு குற்றமாகலாகாது என்று அது பரிந்துரைத்தது. நாற்பத்தொரு நாள் கழித்துத் திருகோணமலையில் துறைமுகம் கைமாறியது. சட்டம் பிறந்த நாட்டிலேயே அது தவறென்று ஒரு குழு கூறிய செய்தியின் மை உலருமுன், சட்டத்தை இங்கே விட்டுவிட்டுக் கப்பல்கள் புறப்பட்டன. எண்ணெய்க் குதங்களைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்தது; 365ஆம் பிரிவைப் பற்றி எவரும் எவரோடும் பேசவில்லை.

இங்கிலாந்து அதன்பின் பத்தாண்டு தயங்கி, 1967 ஜூலையில் தன் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்திலும் ஒரு வேடிக்கை உண்டு: முப்படையினருக்கும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் அது பொருந்தாது என்று விலக்கி வைத்தது. தரையில் குற்றமற்ற செயல் கப்பலில் ஏறியதும் குற்றமாயிற்று! பதவி பறிக்கப்பட்ட கடற்படை அதிகாரி ஒருவரும் அவர்போன்ற சிலரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்காடி 1999 செப்டெம்பரில் வென்ற பின்னரே, 2000 ஜனவரியில், படைகளின் தடை நீங்கியது. 2017இல் பழைய சட்டங்களால் தண்டிக்கப்பட்டு இறந்தோர்க்கு மன்னிப்பளிக்கும் சட்டம் வந்தது. 2023 ஜூலையில் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து படையினரிடம் வருத்தம் தெரிவித்தார். முந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தூக்கிலும் சிறையிலும் இட்டவர்கள் ஒருவாறு கணக்கை முடித்தனர் எனலாம்.

நாமோ கணக்கைப் பெருக்கினோம். 1995இல் இலங்கைப் பாராளுமன்றம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியது. சிறுவரையும் பெண்களையும் பாலியல் வன்முறையிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடுகள் அதில் பல இருந்தன. 365அ பிரிவில் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்ற பொதுச்சொல்லும் அதே திருத்தத்தில் புகுந்தது. விளைவு? விக்டோரியா மகாராணியின் காலத்துச் சட்டமும் தொடாத பெண்கள், ஆண்-பெண் சமத்துவத்தின் பெயரால் முதன்முறையாகக் குற்றவாளிகளாயினர். சமத்துவம் என்னும் சொல்லுக்கு இதைவிடக் கசப்பான பொருளை நாம் கண்டதில்லை.

சட்டம் எல்லோர் மீதும் ஒன்றுபோல் விழுவதுமில்லை. கொழும்பில் லயனல் வென்ட் என்னும் புகைப்படக் கலைஞர் 1930களில் உழைக்கும் ஆண்களின் உடலழகைப் படமாக்கினார். அவர் பெயரில் அரங்கமே எழுந்தது. அப்படங்களில் ததும்பும் நேசத்தைப் பற்றி ஆய்வாளர் இன்று எழுதுகின்றனர். உயர்ந்த மதிலும் விரிந்த தோட்டமும் உள்ளவனுக்கு 365ஆம் பிரிவு தூரத்து இடிமுழக்கம். கடற்கரையையும் பஸ் நிலையத்தையும் விட்டால் தனிமையே அற்ற கூலியாளுக்கு அது தலைமேல் விழும் இடி. அவன்மீது வழக்கு வைக்க 365 கூட வேண்டியதில்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், வேலையற்று நிற்பவனைக் குற்றவாளியாக்கப் பிறந்தது அது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கும் 399ஆம் பிரிவு இருக்கிறது. திருநங்கையர்மேல் அது ஏவப்படுகிறது. இவ்விரண்டும் இவ்வாறு பயன்படுவதை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை விரிவாகப் பதிவு செய்துள்ளது. வழக்குத்தான் முடிவு என்பதுமில்லை. கைது செய்வேன் என்ற மிரட்டலே பலரிடம் பணம் பறிக்கப் போதும். வீட்டாருக்குச் சொல்லிவிடுவேன் என்பது அதனினும் வலிய ஆயுதம்.

திருகோணமலையில் இதற்குமேல் போரும் சேர்ந்தது. முப்பதாண்டுப் போரில் கடற்கரை என்பது காவலரணும் முட்கம்பியுமாயிற்று. 2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, காந்தி சிலைக்கருகே கடற்கரையில் கூடிப் பேசிக்கொண்டிருந்த மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அக்கொலைக்கும் நாம் எழுதும் பொருளுக்கும் நேரான தொடர்பு ஏதுமில்லை; அந்த ஐவரின் இழப்பை வேறெந்த வாதத்துக்கும் துணைக்கழைக்க நாம் விரும்பவில்லை. அதன்பின் இவ்வூரில் இளைஞர் இருவர் கடற்கரையில் இருட்டும்வரை அமர்ந்திருப்பதே உயிர்ப்பயத்துக்குரிய செயலாயிற்று என்பதை மட்டும் குறிக்கிறோம். அடையாள அட்டையை நீட்டி, “இந்த நேரத்தில் இருவரும் இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய காலத்தில், மறைக்க வேறொரு காரணமும் உடையவன் எவ்வளவு நடுங்கியிருப்பான்! தமிழ் இளைஞனாகப் பிறந்த அச்சத்தோடு இன்னோர் அச்சத்தையும் அவன் சுமந்தான். முதலாவது அச்சத்தை வீட்டாரிடம் சொல்லி அழலாம். இரண்டாவதைச் சொல்ல அவனுக்கு வீடும் இல்லை.

முற்போக்காளர் எனப்படும் நாம் இதில் என்ன செய்தோம்? நம் முன்னோரிடத்தில் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. ‘பெண்ணும் சோசலிசமும்’ எழுதிய ஓகஸ்ட் பேபெல், 1898 ஜனவரியில் ஜெர்மன் பாராளுமன்றத்தில் எழுந்து, இத்தகையோரைத் தண்டிக்கும் 175ஆம் பிரிவை நீக்குமாறு பேசினார். ஜார் மன்னனின் சட்டக்கோவையைப் புரட்சி தூக்கியெறிந்தது. 1922இல் எழுதப்பட்ட சோவியத் ருஷ்யாவின் புதிய கோவையில் இக்குற்றம் இடம்பெறவில்லை. 1934இல் ஸ்டாலின் ஆட்சி அதனை மீண்டும் புகுத்தி ஐந்தாண்டுவரை சிறை விதித்தது. இதையும் நாம்தான் எழுத வேண்டும். பிறர் எழுதினால் அவதூறென்று தள்ளிவிடுவோம். கியூபா 1960களில் இவர்களை உழைப்பு முகாம்களுக்கு அனுப்பியது. 2022 செப்டெம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இவர்களின் திருமணத்தை ஏற்றது. பிழை செய்ததும் திருத்தியதும் ஒரே கொடியின் கீழேதான். ‘இது முதலாளித்துவச் சீரழிவு’ என்று ஒரு காலத்தில் நம்மவர் சொல்லிக் கடந்ததுண்டு. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு அதே சொல்லைப் பழைமைவாதியும் சொன்னான். அவன் ‘மேல்நாட்டுச் சீரழிவு’ என்றான். இருவருக்கும் இடையில் ஒரு சொல்லே வேறுபாடு.

சுமை தாங்கியவர்களே பேசத் தொடங்கினர். 1995இல், சட்டம் அகலமாக்கப்பட்ட அதே ஆண்டில், ‘பயணத் தோழர்கள்’ என்னும் பொருள்படும் பெயரோடு கொழும்பில் ஓர் அமைப்புத் தோன்றியது. 2004இல் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ தோன்றியது. 2016 நவம்பரில் மருதானைப் பொலிஸ் வழக்கொன்றைத் தீர்க்கையில் உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவில் அரசு தலையிடலாகாது என்னும் இக்காலக் கருத்தை எடுத்துரைத்தது. எனினும் சட்டம் சட்டமாக இருப்பதால் குற்றத் தீர்ப்பை நிலைநிறுத்திச் சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. குழு, பெண்களைக் குற்றவாளியாக்கும் அந்த 1995ஆம் ஆண்டுச் சொல்லே உரிமை மீறல் என முடிவு கூறியது. அவ்வாண்டு ஜூனில் யாழ்ப்பாண வீதியில் வானவிற் கொடிகளோடு ஓர் ஊர்வலம் நடந்தது. கந்தபுராணக் கலாசாரம் என்று பெருமை பேசும் அந்நகரின் கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தனர். வானம் இடிந்து விழவில்லை.

365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வெளிவந்தது. அது அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவாதித்து வாக்கெடுப்பதற்கு அதன்பின் ஓராண்டுக்கு மேல் காலமிருந்தது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு சட்டமூலமும் ஓய்ந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால், 2018 செப்டெம்பர் 6இல், 377ஆம் பிரிவின் பல்லை இந்திய உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது. பிரித்தானியரின் மற்றொரு பெருங்கடற்படைத் தளமாயிருந்த சிங்கப்பூர், தன் 377அ பிரிவை 2022 நவம்பரில் நீக்கியது. அங்கும் தமிழர் உண்டு. அவர்கள் குடும்பங்கள் குலைந்துபோனதாகச் செய்தி இல்லை.

நிலாவெளி வீதியில் யுத்த மயானம் ஒன்றுண்டு. வெட்டிய புல்லும் வரிசையான கல்லுமாக, இரண்டாம் உலகப் போரில் மாண்ட மாலுமிகளும் படையினரும் அங்கே துயில்கின்றனர். மாணவரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றோம். கற்களில் பொறித்திருந்த வயதுகளை அவர்கள் வாசித்து வந்தனர். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அங்கே கிடப்போருள் எவனேனும் தன் காலத்தில் இச்சட்டத்தால் தண்டிக்கப்பட்டிருந்தால், அவன் நாடு இன்று அவனை மன்னித்துவிட்டது. மயானத்தின் மதிலோரம் நடந்துபோகும் நம்மூர் இளைஞனுக்கு அந்த மன்னிப்பு எட்டவில்லை.

பின்வாங்கு மாணவனுக்கு நாம் பட்ட கடன் நிலுவையில் இருந்தது. சென்ற வாரம் வகுப்புக்குத் தண்டனைச் சட்டக்கோவையைக் கொண்டு சென்றோம். அவனை அழைத்து 365ஆம் பிரிவையும் அடுத்ததையும் வாசிக்கச் சொன்னோம். சிரிப்பு எழும் என்று எதிர்பார்த்தோம், எழவில்லை. அவன் மெல்ல வாசித்து முடித்தான். முதற்பக்கத்தைப் புரட்டி, “1883 என்று இருக்கிறது, சேர். இதுதான் கப்பலில் வந்ததா?” என்றான். ஆம் என்றோம். அவன் மீண்டும் அந்தப் பக்கத்துக்கே திரும்பி, திருத்தக் குறிப்பின்மேல் விரலை வைத்தான்.

“இதிலே 1995 என்றும் போட்டிருக்கிறதே, சேர். அது எந்தக் கப்பலில் வந்தது?”